கனடாவின் தேர்வு முறை மறுபடியும் மாறுகிறதாம்: காத்திருப்பதா, இப்போதே ஆயத்தப்படுவதா?

கேள்வி: அறிவியல்நகர்க் குடிசார்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 31. கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தில் குடிசார் பொறியியல் படித்துவிட்டு, நான்கு ஆண்டுகளாகத் தனியார் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் வீதி, மதகு, குளக்கட்டுத் திருத்த வேலைகளைப் பார்த்துவருகிறேன். மனைவிக்கு வயது 30. முல்லைத்தீவு மாவட்டத்தில் அரச தாதிய உத்தியோகத்தராக இருக்கிறார். மூன்று வயதில் ஒரு மகன்.

திறமையாளர் பிரிவில் கனடாவுக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் எங்களுக்கு நெடுநாளாக உண்டு. ஆனால் எக்ஸ்பிரஸ் என்ட்ரி (திறமையாளர்களைப் புள்ளியிட்டு நிரந்தர வதிவிடத்துக்கு அழைக்கும் கனடாவின் முறை) பற்றி வாசித்து ஓரளவு பிடிபடும் நேரத்தில் விதி மாறிவிடுகிறது. 2023 இல் வகைவாரித் தெரிவு, அதாவது குறிப்பிட்ட தொழிலோ மொழியோ உள்ளவர்களைத் தனியாக அழைப்பது, வந்தது. 2025 பெப்ரவரியில் போக்குவரத்து வகையை எடுத்துவிட்டுக் கல்வி வகையைச் சேர்த்தார்கள். அடுத்த மாதமே வேலைவாய்ப்புக் கடிதத்துக்கான புள்ளிகளும் இல்லாமற்போயின. இனியும் மாற்றங்கள் வரும் என்கிறார்கள். முறை ஒரு நிலைக்கு வந்த பிறகு தொடங்கலாம் என்பது என் எண்ணம். அதற்குள் நமக்கு வயது போய்விடும் என்பது மனைவியின் பதில்.

இதற்கிடையில் நகரத்திலுள்ள ஒரு முகவர், புதிய முறையில் கனடா முதலாளி ஒருவரின் கடிதம் இல்லாமல் எதுவும் நடக்காது என்றும், இருபத்தைந்து லட்சம் ரூபா கட்டினால் அந்தக் கடிதத்தைத் தாமே எடுத்துத் தருவதாகவும் சொல்கிறார். என் மாமனார் காணியை விற்கக்கூட ஆயத்தமாகிவிட்டார்.

ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் பெறுபேறு இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும் என்பதால் இப்போதே எழுதுவது வீணாகுமா? எங்களில் யார் பிரதான விண்ணப்பதாரியாக இருப்பது நல்லது? மனைவியின் பிறப்புச் சான்றிதழ் 2009 இடப்பெயர்வில் தொலைந்து, பின்னர் எடுத்த பிரதியில் தகப்பனார் பெயரின் எழுத்துக்கள் கடவுச்சீட்டிலிருந்து வேறுபடுகின்றன. இது பின்னாளில் சிக்கலாகுமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.


மறுமொழி: முத்தையன்கட்டான், ஸ்காபரோ

தம்பி, முதலில் அந்த முகவரின் கதையை முடித்துவிடுவோம். வேலைவாய்ப்புக் கடிதத்துக்கு முன்பு 50 புள்ளிகளோ, உயர் முகாமைப் பதவியென்றால் 200 புள்ளிகளோ கிடைத்தன. 2025 மார்ச் 25 முதல் அந்தப் புள்ளிகள் இல்லை. கடிதங்களைக் காசுக்கு விற்கும் வியாபாரம் பெருகியதே அதற்குக் காரணம் என்று கனடா அரசே அறிவித்தது. அதாவது, எந்தப் பொருளுக்கு விலை இல்லாமற்போனதோ அந்தப் பொருளை உங்களுக்கு இருபத்தைந்து லட்சத்துக்கு விற்கப் பார்க்கிறார். சில மாகாணத் திட்டங்களில் உண்மையான வேலைவாய்ப்புக்கு இன்னும் மதிப்பு உண்டு. ஆனால் உண்மையான முதலாளி உங்களிடம் பணம் கேட்கமாட்டார். பொய்க் கடிதத்துடன் பிடிபட்டால் தவறான தகவல் வழங்கிய குற்றத்துக்காக ஐந்து ஆண்டுகள் தடை விழும். கட்டணம் வாங்கிக்கொண்டு உங்கள் சார்பில் விண்ணப்பிக்க உரிமையுள்ளவர்கள் கனடாவில் பதிவுபெற்ற வழக்கறிஞர்களும் சட்டத் துணையாளர்களும், கியூபெக் நொத்தாரிசுகளும், குடிவரவு ஆலோசகர்களுக்கான கல்லூரி என்ற ஒழுங்குபடுத்தும் அமைப்பில் உரிமம் பெற்ற ஆலோசகர்களுமே. அந்த அமைப்பின் பதிவேட்டை எவரும் இணையத்தில் பார்க்கலாம். முகவரின் பெயரை அங்கே தேடிப் பாருங்கள்; மாமனாரின் காணி தப்பும்.

இனி உங்கள் முதன்மைக் கேள்விக்கு வருகிறேன். இந்த முறையில் ஆண்டுக்காண்டு மாறுபவை வேறு, 2015 ஜனவரியில் தொடங்கியது முதல் மாறாமல் நிற்பவை வேறு. எந்த வகைக்கு அழைப்பு விடுவது, எத்தனை பேரை அழைப்பது, வெட்டுப்புள்ளி எங்கே நிற்பது ஆகியவை மாறும். 2022 இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம் வகைகளை வரையறுக்கும் அதிகாரத்தை அமைச்சருக்கு வழங்கியதால், முறை ஒருநாள் நிலைத்து நிற்கும் என்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை. மாறிக்கொண்டிருப்பதற்காகவே அது அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. நிரந்தர வதிவிடத்துக்கான மொத்த இலக்கும் 2025 இல் 395,000 ஆகவும் 2026 இல் 380,000 ஆகவும் குறைக்கப்பட்டுள்ளது. ஆனால் வயது, கல்வி, மொழி, தொழில் அனுபவம் ஆகிய நான்கும்தான் இத்தனை மாற்றங்களுக்குப் பின்னும் புள்ளிகளின் அடித்தளமாக இருக்கின்றன.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். துணையுடன் விண்ணப்பிப்பவருக்கு 31 வயதில் 90 புள்ளிகள். இளமாணிப் பட்டத்துக்கு 112. ஆங்கிலத்தில் நான்கு திறன்களிலும் சிஎல்பி (கனடாவின் மொழித்தர அளவுகோல்) 7 எடுத்தால் 64. மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட வெளிநாட்டு அனுபவமும் பட்டமும் அந்த ஆங்கிலத்துடன் சேரும்போது 25 உம் 13 உம். மொத்தம் 304. இதே மனிதர், இதே பட்டம், இதே வேலை, ஆனால் ஆங்கிலம் சிஎல்பி 9 என்றால் மொழிக்கு 116 கிடைப்பதோடு, அனுபவத்துக்கான 25 ஐம்பதாகவும் பட்டத்துக்கான 13 இருபத்தைந்தாகவும் உயரும். மொத்தம் 393. மனைவியின் கல்விக்கும் ஆங்கிலத்துக்கும் கிடைக்கும் சில புள்ளிகளை நான் இன்னும் சேர்க்கவில்லை. ஒரே தேர்வு 89 புள்ளிகளைத் தருகிறது. எந்த முகவராலும் அதைத் தர முடியாது.

சிஎல்பி 9 என்பது ஐஈஎல்டிஎஸ் பொதுப் பயிற்சித் தேர்வில் கேட்டலுக்கு 8, மற்ற மூன்றுக்கும் தலா 7. நம்மவர்கள் பெரும்பாலும் எழுத்தில் 6.5 இல் நின்றுவிடுகிறார்கள். வாசிப்பும் கேட்டலும் பயிற்சியால் ஏறும். எழுத்தை எவரேனும் சிவப்புப் பேனையால் திருத்தித் தராமல் ஏற்ற முடியாது. ஆகவே, பாடநெறிக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியையாவது எழுத்துத் திருத்தத்துக்கு ஒதுக்குங்கள்.

வயதைப் பற்றி உங்கள் மனைவி சொல்வது சரி. 32 இல் 85, 33 இல் 80, 35 இல் 70 என்று ஒவ்வொரு பிறந்தநாளும் ஐந்து புள்ளிகளை எடுத்துச்செல்கிறது.


மறுமொழி: வைத்தியசாலைச் சந்தி, வவுனியா

நானும் தாதியாக இருந்து இந்த வழியில் முயன்றுகொண்டிருப்பவள் என்பதால், பிரதான விண்ணப்பதாரி பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

ஒருவரைத் தெரிந்தெடுத்து மற்றவரை ஒதுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இருவரும் தகுதியுடையவர்களாக இருந்தால், ஒருவரை ஒருவர் துணையாகக் காட்டித் தனித்தனியே இரண்டு சுயவிவரங்களைப் பதியலாம், அதற்குக் கட்டணமில்லை. குடிசார் பொறியியல் 2025 இன் விஞ்ஞான தொழில்நுட்ப வகைப் பட்டியலில் இருந்தது என்று மகிழ்ந்தவர்களை நான் அறிவேன். ஆனால் அந்த ஆண்டு முழுவதும் அந்த வகைக்கென ஓர் அழைப்புச் சுற்றுக்கூட நடக்கவில்லை. பட்டியலில் பெயர் இருப்பது வேறு, அழைப்பு வருவது வேறு. சுகாதார வகைக்கோ 2023 முதல் சுற்றுகள் தொடர்ந்து நடந்துவருகின்றன. எனவே உங்கள் மனைவியின் சுயவிவரம்தான் வலிமையானது என்பது என் கணிப்பு.

ஆயினும், 'தாதி என்றால் உடனே அழைப்பு' என்று உறவினர்கள் சொல்வதை நம்பிவிட வேண்டாம். 2024 பெப்ரவரியில் சுகாதார வகையின் வெட்டுப்புள்ளி 422 வரை இறங்கியது. 2025 இல் 462 இற்குக் கீழே அது வரவேயில்லை. முப்பது வயதில், சிஎல்பி 9 உடன், தாதியர் டிப்ளோமாவை மூன்று ஆண்டுக் கற்கையாக மதிப்பிட்டுத் தந்தார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், அவருடைய புள்ளிகள் 400 ஐ ஒட்டித்தான் நிற்கும். மிச்சத்தை மாகாண நியமனத்தாலோ (ஒரு மாகாணம் தன் தேவைக்கு ஒருவரைத் தெரிந்து முன்மொழிவது) வேறொரு வழியாலோதான் நிரப்ப வேண்டும். மாகாண நியமனம் கிடைத்தால் 600 புள்ளிகள் ஒரேயடியாகச் சேரும். தாதியர் தட்டுப்பாடுள்ள மாகாணங்கள் அந்த வழியை அவ்வப்போது திறக்கின்றன.

கல்வி மதிப்பீட்டை, அதாவது இங்கு படித்தது கனடாவில் எதற்குச் சமம் என்று பார்ப்பதை, இன்றைக்கே தொடங்கலாம். அதன் அறிக்கை ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் என்பதால், முந்திக்கொண்டு எடுத்தால் நட்டமில்லை. தேர்வு எழுதிப் பெறுபேற்றைக் கையில் வைத்துக்கொண்டு, பல்கலைக்கழகமோ தாதியர் கல்லூரியோ பெறுபேற்று விபரத்தை அனுப்பும் வரை மாதக்கணக்கில் காத்திருந்தவர்களே அதிகம். இரண்டு ஆண்டுக் காலாவதி அங்கேதான் கடிக்கிறது.

இன்னொன்று. குடிவரவுக்கு வேண்டியது ஐஈஎல்டிஎஸ் பொதுப் பயிற்சித் தேர்வு. தாதியர் பதிவுக்கு மாகாண ஒழுங்குபடுத்தும் அமைப்பு வேறு தேர்வைக் கேட்கலாம். நிரந்தர வதிவிடம் கிடைத்துவிட்டால் தாதியாக வேலை செய்யலாம் என்று எண்ணவும் வேண்டாம்; பதிவு தனியான, நீண்ட பாதை. இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான தேர்வுக்குப் பணம் கட்டியவர்கள் என் வைத்தியசாலை விடுதியிலேயே இருக்கிறார்கள்.


மறுமொழி: பரந்தன் பிரெஞ்சு

மேலே எழுதிய இருவரும் பிரெஞ்சு மொழியைத் தொடாமல் சென்றது எனக்கு வியப்பாக இருக்கிறது. 2025 இல் கனடாவுக்குள் வேலை அனுபவம் பெற்றவர்களுக்கான சுற்றுகள் 500 இற்கு மேலே நின்றபோது, பிரெஞ்சு வகைச் சுற்று மார்ச்சில் 379 வரை இறங்கியது. அந்த வகைக்கு எந்தத் தொழிற்பட்டியலும் இல்லை. மதகு கட்டுபவரும் வரலாம், கணக்காளரும் வரலாம். நான்கு திறன்களிலும் பிரெஞ்சு ஏழாம் நிலை இருக்க வேண்டும், அவ்வளவே. தொழில் வகைகள் வருவதும் போவதுமாக இருந்தபோதும் பிரெஞ்சு வகை 2023 முதல் இடம் மாறாமல் நிற்கிறது. கியூபெக்குக்கு வெளியே பிரெஞ்சு பேசுபவர்களைக் குடியமர்த்துவதற்கு அவர்கள் தனியாகவே ஒரு விழுக்காட்டு இலக்கு வைத்திருப்பதால் அது இலகுவில் போய்விடாது என்று நினைக்கிறேன்.

முத்தையன்கட்டு அண்ணாவின் கணக்கையே தொடர்கிறேன். பிரெஞ்சில் ஏழாம் நிலையும் ஆங்கிலத்தில் ஐந்தாம் நிலையாவதும் இருந்தால் மேலதிகமாக 50 புள்ளிகள். இரண்டாம் மொழி என்ற வகையில் இன்னும் 12. உங்கள் ஆங்கிலம் சிஎல்பி 7 இல் நின்றால் 304 உடன் 62 சேர்ந்து 366. அந்த 379 ஐக்கூடத் தொடாது. சிஎல்பி 9 என்றால் 455. ஆகவே பிரெஞ்சு படிக்கப் போகிறேன் என்று ஆங்கிலத்தைக் கைவிடுபவருக்கு இரண்டும் இல்லாமற்போகும்.

யாழ்ப்பாணத்தில் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. நான் வார இறுதிகளில் காலைப் பேருந்தில் ஆனையிறவு தாண்டிப் போய் வருகிறேன். கிழமை நாட்களில் இணையவழி வகுப்பு. தொடக்கத்திலிருந்து, அந்த ஏழாம் நிலைக்கு ஏறக்குறைய இணையான பீ-2 நிலை வரை சுமார் அறுநூறு மணித்தியால வகுப்பு வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதற்கு மேல் வீட்டுப் படிப்பும் உண்டு. எழுத்தும் வாசிப்பும் ஆங்கிலம் தெரிந்தவருக்கு ஓரளவு பிடிபடும். கேட்டல்தான் ஆளை வாட்டும். ஒலிப்பதிவில் மூன்று சொற்களை ஒன்றாக விழுங்கிப் பேசுவார்கள், நாம் முதற்சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போது கேள்வி முடிந்துவிடும்.


மறுமொழி: முத்தையன்கட்டான், ஸ்காபரோ

பிரெஞ்சு பற்றிச் சொன்னது சரியான தகவல்தான். ஆனால் காலை ஆறு மணிக்கு வேலைத்தளத்துக்குப் போய்ப் பொழுதுபட்டபின் வீடு திரும்பும் ஒருவரும், இரவுக் கடமை செய்யும் ஒரு தாதியும், மூன்று வயதுப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு இரண்டு மொழிகளை ஒரே காலத்தில் படிப்பது நடக்குமா என்று யோசியுங்கள். என் அபிப்பிராயம், இருவரும் ஆங்கிலத்தை ஒன்பதுக்குக் கொண்டுவந்த பின், இருவரில் ஒருவர் மட்டும் பிரெஞ்சைத் தொடங்குவது. மனைவிக்கு மொழி இலகுவாக வருமென்றால் அவரே தொடங்கட்டும். சுகாதார வகை, பிரெஞ்சு வகை என்று இரண்டு கதவுகளும் ஒரே சுயவிவரத்துக்குத் திறக்கும்.


மறுமொழி: ஓய்வுபெற்ற எழுதுநர், மாங்குளம்

பிள்ளைகள் புள்ளிகளைப் பற்றி நன்றாக எழுதியிருக்கிறார்கள். நான் பிரதேச செயலகத்தில் நெடுங்காலம் கடமையாற்றியவன். கடதாசிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அழைப்பு வந்தால் முழு விண்ணப்பத்தையும் சமர்ப்பிக்க அறுபது நாட்களே தருவார்கள். கொழும்பில் இருப்பவருக்கு அது போதும். வன்னியில் 2008, 2009 இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி, செட்டிகுளம் முகாமிலிருந்து வெறுங்கையுடன் திரும்பிய குடும்பத்துக்கு அது போதாது.

பெயர் வேறுபாட்டை இப்போதே தீர்த்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, சாதாரண தரப் பெறுபேறு, விவாகச் சான்றிதழ், கடவுச்சீட்டு ஆகிய ஐந்தையும் மேசையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் உங்கள் பெயரும் பெற்றோர் பெயரும் ஆங்கிலத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். ஒன்றில் தகப்பனார் பெயர் முதலெழுத்தாகவும் மற்றொன்றில் முழுப்பெயராகவும், ஒன்றில் 'th' வர வேண்டிய இடத்தில் வெறும் 't' ஆகவும் இருப்பது நம் பகுதியில் மிகச் சாதாரணம். சிறிய எழுத்து வேறுபாட்டுக்குச் சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக் கடதாசி பெரும்பாலும் போதும். பிறந்த திகதியோ பெயரோ பதிவிலேயே பிழையென்றால், மாவட்டப் பதிவாளர் ஊடாகத் திருத்தம் செய்ய வேண்டும்; அதற்குக் காலம் எடுக்கும். பதிவேடே அழிந்துபோய், உத்தேச வயதுச் சான்றிதழுடன் இருப்பவர்கள் பாடசாலை அனுமதிப் பதிவையும் கிராம அலுவலரின் கடிதத்தையும் துணையாக எடுத்துவைப்பது நல்லது. தமிழிலுள்ள பத்திரங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடமே கொடுங்கள். கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்களையே அவர் பயன்படுத்த வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

சேவைக் கடிதமும் அப்படியே. நம் ஒப்பந்தக்காரர்கள் கொடுக்கும் கடிதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்: 'இவர் எமது நிறுவனத்தில் பொறியியலாளராகக் கடமையாற்றுகிறார், நன்னடத்தை உடையவர்', கீழே ஒரு இறப்பர் முத்திரை. இது உதவாது. பதவி, தொடங்கிய திகதி, வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், சம்பளம், செய்த கடமைகள் ஆகியவை கடிதத்தில் விபரமாக இருக்க வேண்டும். அந்தக் கடமைகள் கனடாவின் தேசியத் தொழில் வகைப்படுத்தலில் உங்கள் தொழிலுக்கு எழுதப்பட்டிருப்பவற்றுடன் உண்மையில் பொருந்த வேண்டும். அதைப் பார்த்து வரிக்கு வரி பிரதி பண்ணினால் அதிகாரிகளுக்குத் தெரிந்துவிடும். நீங்கள் பார்த்த மதகு, மட்டம் எடுத்தது, அளவைப் பட்டியல் தயாரித்தது என்று உங்கள் வேலையையே எழுதுவியுங்கள். கூடவே சம்பளச் சீட்டுகளையும் ஊழியர் சேமலாப நிதிக் கூற்றையும் சேர்த்துவையுங்கள். முன்பு கண்ணிவெடி அகற்றும் நிறுவனத்திலோ வேறு அரச சார்பற்ற நிறுவனத்திலோ வேலை செய்திருந்தால், அது தன் அலுவலகத்தை மூடிக்கொண்டு போகுமுன் கடிதத்தை வாங்கிவிடுங்கள்.

பதினெட்டு வயதுக்குப் பின், கடந்த பத்து ஆண்டுகளுக்குள், வேறொரு நாட்டில் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அந்த நாட்டின் பொலிஸ் சான்றிதழும் வேண்டும். கட்டாரில் வேலை செய்தவர்களும் தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பியவர்களும் இதைக் கடைசி நேரத்தில்தான் நினைப்பார்கள். விண்ணப்பப் படிவத்தில் கடந்தகால வரலாற்றைக் கேட்கும் கேள்விகளும் உண்டு. குடும்பத்தில் எவரேனும் 2009 இற்குப் பின் புனர்வாழ்வுக்கு உட்படுத்தப்பட்டிருந்து, அவரும் விண்ணப்பத்தில் சேர்கிறார் என்றால், அதை மறைக்கவும் வேண்டாம், இப்படியான இடத்தில் ஆலோசனை கேட்கவும் வேண்டாம். அது கனடாவில் பதிவுபெற்ற வழக்கறிஞரிடம் போக வேண்டிய விடயம்.


மறுமொழி: அறிவியல்நகர்க் குடிசார்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. முகவரின் பெயரைப் பதிவேட்டில் தேடினேன், இல்லை. மாமனாரிடம் காட்டிவிட்டேன். இந்தக் கிழமையே பல்கலைக்கழகத்துக்கும் மனைவியின் தாதியர் கல்லூரிக்கும் மதிப்பீட்டுக்காக எழுதப்போகிறோம்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். குடியேற்றச் செலவுக்கான பணத்தைக் காட்ட வேண்டும் என்கிறார்கள். எங்களிடம் சேமிப்புக் குறைவு; நகையை அடகு வைத்தும், சுவிசிலுள்ள மைத்துனரிடம் சில மாதங்களுக்கு வாங்கியும் வங்கியில் போட்டுக் காட்டலாமா?


மறுமொழி: முத்தையன்கட்டான், ஸ்காபரோ

கூடாது, தம்பி. 2025 இல் வெளியிட்ட அட்டவணைப்படி மூவர் கொண்ட குடும்பத்துக்கு 23,360 கனேடிய டொலர் வேண்டும். தொகையை ஆண்டுதோறும் திருத்துவார்கள். கடன் வாங்கிய பணத்தை ஏற்கமாட்டார்கள். வங்கி தரும் கடிதத்தில் இன்றைய மீதி மட்டுமல்ல, கணக்குத் திறந்த திகதியும் கடந்த ஆறு மாதச் சராசரி மீதியும் இருக்கும். அடகுக்கடைப் பணம் அங்கே திடீரென்று வந்து நிற்பது முதற் பார்வையிலேயே தெரிந்துவிடும். வீட்டையும் காணியையும் பெறுமதி போட்டுக் காட்டவும் முடியாது.

மைத்துனர் திருப்பிக் கேட்காத அன்பளிப்பாகக் கொடுப்பாரென்றால், உண்டியலில் அல்லாமல் வங்கி வழியாக அனுப்பச் செய்து, அது கடனல்ல என்று அவர் கையொப்பமிட்ட கடிதத்தையும் வாங்கிவையுங்கள். மாமனார் எப்படியும் காணியை விற்கத்தான் போகிறார் என்றால் விற்கட்டும். காணி உறுதியின் பிரதியையும் பணம் வங்கிக்குள் வந்த பற்றுச்சீட்டையும் ஒரே கோப்பில் போட்டுவிட்டு, அந்தக் கணக்கைத் தொடாமல் விடுங்கள்.